கணிப்பொறி முறைமை ஆய்வாளர் உத்தியோகம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் நம் கிராமங்களில் எழும் முதற் கேள்வி, "பிள்ளையை அடுத்தபடி எதில் சேர்ப்பது?" என்பதேயாகும். பஞ்சாயத்து அலுவலகத்திலும், பால் சங்கத்து வாசலிலும், தேநீர்க் கடைப் பெஞ்சிலும் இதே பேச்சுத்தான். "கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்துவிடுங்கள்" என்று யாரேனும் ஒருவர் சொல்லிவிடுகிறார். கேட்டவரும் திருப்தியடைந்து போய்விடுகிறார். மருத்துவமனை என்றால் அங்கே டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், எக்ஸ்ரே எடுப்பவர் எனப் பலர் பல வேலை செய்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். கணிப்பொறித் துறையும் அத்தகையதே. அதிலுள்ள பல உத்தியோகங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் இக்கட்டுரையில் எழுத முற்படுகிறோம். ஆங்கிலப் பெயரை அப்படியே வைத்துச் 'சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்' என்பார்கள். முறைமை ஆய்வாளர் என்று தமிழில் கூறலாம். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இவ்வேலை மிகவும் பொருந்தக்கூடியது என்பது நமது அபிப்பிராயம். அதன் காரணம் போகப் போக விளங்கும்.

ஒரு வீடு கட்டுவதை நினைத்துப் பாருங்கள். செங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்புபவர் கொத்தனார். அவர் வேலை தொடங்குமுன் யாரோ ஒருவர் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது: வீட்டில் எத்தனை பேர்? மாடு எத்தனை? நெல் மூட்டைகளை எங்கே அடுக்குவீர்கள்? மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடும்? இவற்றைக் கேட்காமல் கட்டிய வீடு பார்வைக்கு அழகாயிருக்கும், குடியிருப்பவர்தாம் அவதிப்படுவார். கணிப்பொறிக்கு ஆணைகளை எழுதும் புரோகிராமர் கொத்தனாரைப் போன்றவர். வேலை செய்வோரிடம் சென்று, கேட்டு, பார்த்து, எழுதி, "இன்னது வேண்டும், இன்னபடி வேண்டும்" என்று திட்டம் வரைந்து கொடுப்பவரே முறைமை ஆய்வாளர். சிறிய நிறுவனங்களில் இருவர் வேலையையும் ஒருவரே பார்ப்பதுண்டு. இப்போது பல கம்பெனிகளில் இவருக்குப் 'பிஸினஸ் அனலிஸ்ட்' என்றும் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர் எதுவாயினும் வேலையின் உயிர்நிலை கேள்வி கேட்பதில்தான் இருக்கிறது.

பால் சங்கத்தில் ஒரு நாள்

உதாரணமாக, ஒரு கிராமத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குக் கணிப்பொறிக் கணக்கு ஏற்படுத்த வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். செயலாளரைக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவார்: "காலையும் மாலையும் பால் வாங்குகிறோம், அளவு பார்க்கிறோம், கொழுப்புச் சத்தும் இதரச் சத்தும் சோதிக்கிறோம், விலைப் பட்டியல்படி தொகை எழுதுகிறோம், பட்டுவாடா நாளில் பணம் கொடுக்கிறோம்." இதை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பும் ஆய்வாளர் தம் வேலையைத் தொடங்கவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

திறமையுள்ளவர் விடியற்காலையிலேயே சங்கத்துக்குப் போய் வரிசையின் பக்கத்தில் நின்றுகொள்வார். பால் ஊற்ற வருபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணி. உறுப்பினர் பெயரோ கணவருடையது. அப்படியானால் ரசீது யாருக்கு, பணம் யாருக்கு? ஒரே ஊரில் நான்கு முருகேசன்கள் இருப்பார்கள். அளப்பவர் முகத்தைப் பார்த்தே எழுதிவிடுவார், கணிப்பொறி எதைப் பார்த்து எழுதும்? வெளியூர் சென்றவரின் பாலைப் பக்கத்து வீட்டார் கொண்டுவந்து ஊற்றினால் எந்தக் கணக்கில் வைப்பது? சோதனைக் கருவி பழுதானால் நேற்றைய கொழுப்பளவை எழுதுவதா, சராசரியை எழுதுவதா? மின்சாரம் நின்றுபோனால் பால் காத்திருக்குமா? கெட்டுப்போனதென்று திருப்பியனுப்பிய பாலுக்குப் பதிவு உண்டா, இல்லையா?

இவற்றோடும் நிற்பதில்லை. செயலாளரின் பெரிய நோட்டைப் புரட்டினால், பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சில குறிகள் இருக்கும். விசாரித்தால், "அது ஒன்றுமில்லை, தீவனத்துக்கு முன்பணம் வாங்கியவர்கள். இரண்டு தவணையில் பிடித்துக்கொள்வேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டுமென்றால் ஒரு தவணை விட்டுவிடுவேன்" என்பார். சங்கத்தின் துணை விதிகளில் இப்படி ஒரு ஷரத்து இராது. ஆனால் அந்தச் சங்கம் ஊராரின் நம்பிக்கையோடு நடப்பது அந்தப் பென்சில் குறிகளால்தான். புதிய ஏற்பாட்டில் இதற்கு இடம் வைக்காவிட்டால், தவணைப் பணம் ஈவிரக்கமின்றிப் பிடிக்கப்படும்; அல்லது செயலாளர் கணிப்பொறியை ஒரு பக்கமும் பழைய நோட்டை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு இரட்டை வேலை பார்ப்பார். மறுபுறம், அதே சலுகை வேண்டியவருக்கு ஒன்றும் வேண்டாதவருக்கு ஒன்றுமாக வழங்கப்படுகிறதா என்பதையும் ஆய்வாளர் கவனிக்க வேண்டும். அவராகத் தீர்ப்புக் கூறக் கூடாது, நிர்வாகக் குழுவின் முன் வைத்து, "இதை விதியாக்குகிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு திரட்டியதையெல்லாம் அவர் படமாகவும் பட்டியலாகவும் வரைகிறார். எந்தத் தகவல் யாரிடம் பிறக்கிறது, எவர் கை மாறிப் போகிறது, எங்கே தங்குகிறது என்பதைக் கட்டங்களும் அம்புக்குறிகளும் கொண்டு காட்டுவார். பிறகு அதைச் சங்கத்தாரிடமே படித்துக் காட்டித் திருத்திக்கொள்வார். புரோகிராமர்கள் எழுதி முடித்தபின், பொய்யான கணக்குகளையும் தாறுமாறான எண்களையும் வேண்டுமென்றே கொடுத்துச் சோதிப்பார். பழைய நோட்டும் புதிய கணிப்பொறியும் சில வாரங்கள் இணையாக ஓடி, இரண்டின் மொத்தமும் காசு பிசகாமல் ஒத்துப்போன பிறகுதான் நோட்டை மூடிவைக்கச் சொல்வார்.

தேநீர்க் கடையில் பிறந்த தொழில்

இத்தொழில் எங்கே தோன்றியது என்று தேடினால் வியப்பாயிருக்கும். யுத்தத் தளவாடச் சாலையிலோ வானியல் ஆராய்ச்சிக் கூடத்திலோ அது பிறக்கவில்லை. ரொட்டியும் கேக்கும் தேநீரும் விற்ற ஒரு கம்பெனியில் பிறந்தது. இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்ற கம்பெனிக்கு ஏராளமான தேநீர்க் கடைகள் இருந்தன. ஒரு கோப்பைத் தேநீரில் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். கணக்கு எழுதும் செலவு அதைத் தின்றுவிடும் நிலைமை. ஆகவே 1947-ஆம் ஆண்டு அக்கம்பெனி தன் அதிகாரிகள் இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பி, புதிதாய்த் தோன்றியிருந்த மின்னணுக் கணிப்பொறிகளைப் பார்த்துவரச் செய்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் அப்போது எட்சாக் என்னும் யந்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி அவர்களுக்குப் பண உதவி செய்து, அதன் மாதிரியில் லியோ என்னும் தன் சொந்தக் கணிப்பொறியை அமைத்துக்கொண்டது. 1951-ஆம் ஆண்டு நவம்பரில் ரொட்டிச் சாலைகளின் உற்பத்தி மதிப்பைக் கணக்கிடும் வேலை லியோவில் ஓடத் தொடங்கியது. வியாபார அலுவலகத்தின் நித்தியக் கணக்கைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்ட முதல் நிகழ்ச்சியாக அதைக் குறிப்பிடுவர்.

அங்கே வேலைகளை ஆராய்ந்து கணிப்பொறிக்கேற்றபடி வகுத்துக் கொடுத்தவர் டேவிட் கேமினர் என்பவர். 1936-இல் அக்கம்பெனியில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஒரு காலை இழந்து திரும்பியவர். வியாபார உலகின் முதல் முறைமை ஆய்வாளர் என்று இவரைப் பலரும் போற்றுவர். 2008-ஆம் ஆண்டு காலமானார். இவர் குழுவினர் செய்த ஏற்பாடுகளில் ஒன்று நம் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். ஒவ்வொரு தேநீர்க் கடைக்கும் மறுநாளைக்கு என்னென்ன சரக்கு வேண்டுமென்று நாள்தோறும் கணக்கெடுக்க வேண்டும். எல்லாச் சரக்கையும் எல்லாக் கடையும் தினமும் எழுதி அனுப்பினால் அதைக் கணிப்பொறியில் ஏற்றவே ஒரு பட்டாளம் தேவைப்படும். அவர்கள் பார்த்தார்கள்: கடையின் தேவை நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. ஆதலால் கிழமைதோறும் வழக்கமான தேவை இன்னதென்று ஒருமுறை பதிந்து வைத்துவிட்டு, கடைக்காரப் பெண்மணி மாற்றத்தை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும் என்று வகுத்தார்கள். வேலை மிகவும் குறைந்தது. யந்திரத்தின் வேகத்தால் வந்த லாபமன்று இது. கடை நடக்கும் விதத்தை உற்றுப் பார்த்ததனால் வந்தது.

1952-இல் அங்கே புரோகிராமராகச் சேர்ந்த மேரி கூம்ப்ஸ் என்ற அம்மையார் கல்லூரியில் பயின்றது பிரெஞ்சு மொழி என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறோம். "பெண் பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா?" என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

நிலப் பதிவேட்டின் கதை

நம் நாட்டிலேயே, விவசாயிகளை நேரடியாகத் தொட்ட ஓர் உதாரணம் கர்நாடகத்தின் 'பூமி' திட்டம். அம்மாநிலத்தில் சுமார் 67 லட்சம் நில உடைமையாளர்களுக்கு ஏறத்தாழ 2 கோடி நிலப் பதிவுகள் இருந்தன. அவை ஏறக்குறைய 9,000 கிராமக் கணக்கர்களின் கையெழுத்துப் பதிவேடுகளில் அடங்கியிருந்தன. கடன் வாங்கவோ, வழக்குக்கோ, விற்பனைக்கோ பதிவேட்டின் நகல் வேண்டுமானால் கணக்கரைத் தேடிப் பிடிக்க வேண்டும். தேடிப் பிடித்த பிறகு என்ன நடக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விவரிக்கத் தேவையில்லை.

1990-களின் தொடக்கத்திலேயே அங்கு நிலப் பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்ற முயன்றார்கள், பலிக்கவில்லை. கணிப்பொறிகளை மாவட்டத் தலைநகரில் வைத்தார்கள். ஆனால் பெயர் மாற்றம் நடப்பதோ தாலூக்கா அலுவலகத்தில். மாவட்டத்தில் ஏற்றி முடிப்பதற்குள் தாலூக்காவில் பல நிலங்கள் கை மாறியிருக்கும். கணிப்பொறியிலுள்ள பதிவு பழம் பஞ்சாங்கமாகிவிட்டது. பணத்தில் குறையில்லை, யந்திரத்திலும் குறையில்லை. "இந்தத் தகவல் எங்கே மாறுகிறது?" என்ற ஒரு கேள்வியை உரிய காலத்தில் யாரும் கேட்டு, அதன்படி கணிப்பொறியை வைக்கவில்லை.

அடுத்த முறை தாலூக்கா அலுவலகத்திலேயே கணிப்பொறியை வைத்தார்கள். தேசியத் தகவலியல் மையத்தார் மென்பொருளை எழுதினார்கள். 2002-ஆம் ஆண்டிற்குள் மாநிலத்தின் எல்லாத் தாலூக்காக்களிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ரூ. 15 கட்டணத்தில் எவரும் நகல் பெறலாமென்றாயிற்று. இதில் சில ஏற்பாடுகளை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். எழுத்தர் பார்க்கும் திரையைப் போலவே இன்னொரு திரையை விவசாயியின் பக்கம் திருப்பி வைத்தார்கள். தம் பதிவில் என்ன செய்யப்படுகிறது என்பதை அவரும் பார்க்கலாம். பெயர் மாற்ற மனுக்கள் வந்த வரிசைப்படியே எடுக்கப்படவேண்டும். பின்னால் வந்ததை முன்னால் தள்ள மென்பொருள் இடங்கொடாது. மாற்றம் செய்யும் அதிகாரி தம் விரல் ரேகையைப் பதித்தாக வேண்டும். பிற்பாடு "நான் செய்யவில்லை" என்று சொல்ல வழியில்லை. கையால் எழுதிய நகலுக்கு இனிச் சட்ட மதிப்பில்லை என்றும் தாலூக்கா தாலூக்காவாக அறிவித்தார்கள். இல்லாவிடில் பழைய நோட்டும் பழைய வழக்கமும் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்திருக்கும்.

இவ்வளவு செய்தும், பழைய பதிவேட்டிலிருந்த தவற்றைக் கணிப்பொறி தானாகத் திருத்திவிடாது; இறந்துபோன பாட்டனார் பெயரில் இருந்த நிலம் அப்படியேதான் இருக்கும். வாய்ப்பேச்சாகக் குத்தகைக்கு உழுபவர் பதிவேட்டில் இல்லையென்றால் திரையிலும் இல்லை. கணிப்பொறி வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று சொல்பவர்களை நாம் நம்புவதற்கில்லை.

கிராமத்தை அறியாத கை

முறைமை ஆய்வு சரியில்லாதபோது அதன் பலனை அனுபவிப்பவர்கள் யார்? பெரும்பாலும் நாம்தான். தமிழர் பெயருக்கு முன்னால் தந்தையின் பெயரின் முதலெழுத்தை இடுவது நம் வழக்கம். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லை. 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டத்தை வைத்து, அதை நிரப்பாமல் மேலே செல்ல முடியாதபடி ஒருவர் படிவம் அமைத்துவிடுகிறார். அதில் ஒருவர் தந்தை பெயரை எழுதுகிறார், ஒருவர் ஊரை எழுதுகிறார், இன்னொருவர் ஒரு புள்ளியை வைத்துவிடுகிறார். பிறகு வங்கிக் கணக்கில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் ஒரு பெயர், பட்டாவில் வேறொரு பெயர் என்றாகி, உதவித் தொகை வந்து சேராமல் அலைகிறோம். நாற்று நட்டும் கல் உடைத்தும் ரேகை தேய்ந்துபோன விரலை ரேகைக் கருவி அடையாளம் கண்டுகொள்வதில்லை. அப்போது மாற்று வழி என்ன என்பதை முன்கூட்டியே யோசிக்காதவர் வகுத்த ஏற்பாட்டில், மூதாட்டி ஒருத்தி வெறுங்கையோடு வீடு திரும்புகிறாள். கூட்டுப் பட்டாவில் ஐந்து பங்காளிகள் இருக்க, ஒருவர் பெயருக்கு மட்டும் இடம் வைத்த விண்ணப்பமும் இத்தகையதே.

இவற்றை எழுதியவர்கள் கெட்டவர்களல்லர். அவர்கள் நாற்றங்காலையும் பால் சங்கத்து வரிசையையும் கண்டதில்லை, அவ்வளவுதான். கூட்டுப் பட்டா என்றால் என்ன, வாரம் என்றால் என்ன, அறுவடைக் காலத்தில் ஏன் பகலில் அலுவலகத்துக்கு வர இயலாது என்பதையெல்லாம் வளரும்போதே அறிந்துகொண்ட ஒரு பிள்ளை இந்த இடத்தில் உட்கார்ந்தால் வேறுவிதமான கேள்விகளைக் கேட்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இவ்வேலை பொருந்தும் என்று நாம் தொடக்கத்தில் கூறியது இதனால்தான்.

என்ன படிக்க வேண்டும்?

முறைமை ஆய்வாளர் என்றே தனிப் பட்டப் படிப்பை நாடிப் போக வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் கலந்தாய்வு வழியாக நான்கு ஆண்டு பி.இ. கணிப்பொறி அறிவியலிலோ தகவல் தொழில்நுட்பத்திலோ சேரலாம். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்று ஆண்டு பி.சி.ஏ., பி.எஸ்ஸி. படிப்புகள் இருக்கின்றன, எந்தப் பிரிவு மாணவரைச் சேர்ப்பார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும். இவற்றுக்கு மேல் எம்.சி.ஏ. படிக்கலாம். முன்னர் மூன்றாண்டாயிருந்த எம்.சி.ஏ., 2020-க்குப் பிறகு இரண்டாண்டாகிவிட்டது. பி.காம். போன்ற வேறு பட்டம் பெற்றவர்களும், பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் பயின்றிருந்தால் இதில் சேரத் தகுதியுண்டு. கணக்கியல் நன்றாகத் தெரிந்த ஒருவர் பின்னர் கணிப்பொறி கற்று இவ்வேலைக்கு வருவது மிகவும் நல்ல பாதை என்று கருதுகிறோம். வங்கி, கூட்டுறவு, வரி, சம்பளம் ஆகிய எந்தக் கணக்கையும் அவருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த மாணவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கித் தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. பல பெற்றோர் இதைக் கேள்விப்படாமலே தனியார் தரகரிடம் போய் நிற்கிறார்கள். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தேர்வு முடிவு வருமுன்பே ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைக் கண்டு, தகுதியுள்ள பிள்ளைகளின் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டால் பெரிய உபகாரமாயிருக்கும்.

படித்து முடித்ததும் முறைமை ஆய்வாளர் நாற்காலி காத்திருக்காது. பெரும்பாலோர் முதலில் புரோகிராமராகவோ, மென்பொருளைச் சோதிப்பவராகவோ, பயன்படுத்துவோருக்கு உதவி செய்பவராகவோ சில ஆண்டுகள் உழைத்து, பிறகே இந்நிலைக்கு உயர்கிறார்கள். அக்காலத்தில் பிழைகளையும் புகார்களையும் கவனித்துக் குறித்துவைப்பவர் சீக்கிரம் மேலே வருகிறார். புரோகிராம் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. தரவுகளைப் பட்டியல்களாக அமைக்கும் முறையையும், அவற்றிலிருந்து வேண்டியதைக் கேட்டெடுக்கும் எஸ்.க்யூ.எல். மொழியையும் நன்கு கற்றிருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது எழுத்து. தாம் கேட்டதைக் குழப்பமின்றி ஆங்கிலத்தில் எழுதவும், எழுதியதைத் தமிழில் விளக்கவும் கூடியவருக்கு இத்துறையில் என்றும் மதிப்புண்டு. ஆங்கிலப் பேச்சில் தடுமாறுகிறவர்கள் மனம் தளர வேண்டாம். தெளிவாய் எழுதப் பழகினால் பேச்சு பின்னால் வந்துவிடும்.

இத்துறையின் மேடு பள்ளங்களையும் மறைக்கலாகாது. 2000-ஆம் ஆண்டு பிறக்குமுன் பழைய மென்பொருள்களில் வருஷத்தை இரண்டே இலக்கங்களில் எழுதியிருந்த கோளாறைத் திருத்த உலகெங்கும் ஆள் தேவைப்பட்டது. நம் இளைஞர்கள் பலர் அப்போது வேலை பெற்றார்கள். 2001-இலும் 2008-இலும் மேல்நாட்டு வியாபாரம் படுத்தபோது, வேலை குறைந்து பலர் வீடு திரும்பினார்கள். 2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, சொன்ன மாத்திரத்தில் புரோகிராம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவியிருக்கின்றன. இதனால் ஆரம்ப நிலை வேலைகள் எவ்வளவு குறையும் என்று எவரும் திட்டமாகச் சொல்வதற்கில்லை. எழுதச் சொன்னதை யந்திரம் எழுதும். பென்சில் குறியைப் பற்றிச் செயலாளரிடம் கேட்டறிவது அதற்கு அவ்வளவு எளிதன்று என்பது நமது எண்ணம். எனினும், இதை நம்பி ஒரே பிள்ளைக்காக நன்செய் நிலத்தை அடமானம் வைத்து, பெயர் தெரியாத கல்லூரியில் லட்சக்கணக்கில் பணம் கட்டுவதை நாம் ஆதரிக்க மாட்டோம். "ஆறு மாதத்தில் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், வேலைக்கு உத்தரவாதம்" என்று பலகை தொங்கவிடும் பயிற்சி நிலையங்களில், பணம் கட்டுமுன் அங்கே படித்து வெளியேறியவர் இருவரையாவது நேரில் கண்டு பேசுங்கள். அந்த உத்தரவாதத்தை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

பிள்ளைக்கு இவ்வேலையில் நாட்டமுண்டா என்று அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கோடை விடுமுறையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துப் பால் சங்கத்துக்கோ, ரேஷன் கடைக்கோ, பஞ்சாயத்து அலுவலகத்துக்கோ அனுப்புங்கள். ஒரே ஒரு ரசீது எங்கே எழுதப்பட்டு, யார் யார் கையில் மாறி, கடைசியில் எந்தக் கணக்கில் போய் அமர்கிறது என்பதைப் படமாக வரைந்துகொண்டு வரச் சொல்லுங்கள். பஞ்சாயத்துகளின் வரவு செலவு, 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி தொடங்கப்பட்ட இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பதிவாகிறது. அதை யாரும் திறந்து பார்க்கலாம். ஊரில் போட்ட சிமெண்டுச் சாலையின் ஒரு பில் அதில் எந்தத் தலைப்பில் ஏறியிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வதும் நல்ல பயிற்சியே. முதல் நாள் அரைப் பக்கத்தோடு திரும்பி வந்து, மறுநாள் தானாகவே, "நேற்று ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு மீண்டும் புறப்படுகிற பிள்ளையானால், கல்லூரி விண்ணப்பத்தை வாங்கிக் கொடுங்கள்.